கல்லில் எழுதிய ஊர்க் கணக்கு

உங்கள் வீட்டு வரவு செலவு நோட்டை ஒரு நிமிஷம் மனக்கண் முன் கொண்டு வாருங்கள். பால், அரிசி, வாடகை, மின்சாரம், பள்ளிக்கூடச் சம்பளம் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறீர்கள். கடைசியில், பக்கத்தின் அடியில், கொஞ்சம் தயங்கித் தயங்கி ஒரு வரி எழுதுகிறீர்கள்: "பெண்ணின் பாட்டு வகுப்பு". மாதக் கடைசியில் கை இறுகினால் எந்த வரியின் மீது முதலில் கோடு விழும்? சொல்லுங்கள் பார்க்கலாம்! பால்காரரை நிறுத்த முடியுமா? வீட்டுக்காரரிடம் வாய்தா சொல்ல முடியுமா? பாவம், பாட்டு வாத்தியார்தான் அடுத்த மாதம் வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

வீட்டுக்கு மட்டுமா இந்தக் கதை? ஊருக்கும் இதேதான். சாலை வேண்டும், குடிநீர் வேண்டும், விளக்கு வேண்டும். இவையெல்லாம் போக மிஞ்சினால் அல்லவா கூத்தும் பாட்டும்? ஊரின் பழங்கதையை எழுதி வைக்க எந்தப் பஞ்சாயத்துக்கு நேரம் இருக்கிறது? நாம் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம்.

ஆனால், 1,000 வருஷங்களுக்கு முன் நம் தமிழ்நாட்டுக் கிராமச் சபைகள் சில இப்படி நினைக்கவில்லை. கூத்துக்கு ஆகும் செலவையும் ஏரிச் செலவைப் போலவே கணக்கில் ஏற்றின. அந்தக் கணக்கைக் காகிதத்திலோ ஓலையிலோ மட்டும் விட்டுவிடாமல், கோடு போட்டு அடிக்க முடியாத ஓர் இடத்தில் எழுதி வைத்தன. ஆம், கல்லிலே!

உத்திரமேரூருக்கு வாருங்கள்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகாத குடும்பம் சென்னையில் குறைவு. அப்படிப் போகும்போது ஒரே ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் உத்திரமேரூருக்கும் போய் வாருங்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் என்று ஒரு பழங்கோயில் இருக்கிறது. உள்ளே போவதற்கு முன், கோயிலின் அடித்தளக் கல்லைச் சுற்றி நடந்து பாருங்கள். எறும்பு வரிசைபோல எழுத்துக்கள் ஓடிக்கொண்டிருக்கும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் வருஷமும் 921-ஆம் வருஷமும் அந்த ஊர்ச் சபை கூடி எழுதிய தீர்மானங்கள் அவை.

பள்ளிக்கூடத்தில் "குடவோலை முறை" என்று படித்திருப்பீர்கள். பரீட்சைக்காக நெட்டுருப் போட்டு மறந்தும் போயிருப்பீர்கள். ஆனால் அந்தக் கல்வெட்டில் இருக்கும் சுவாரசியத்தைப் பாடப் புத்தகம் முழுக்கச் சொல்வதில்லை.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சபையின் நடுவே, வயதில் மூத்த நம்பியார் ஒருவர் எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சின்னப் பையன் வந்து கைவிட்டு எடுப்பான். எடுத்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்கவேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா? எவ்வளவு முன்யோசனை, பாருங்கள்!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி சபைப் பொறுப்புக்கு வரக்கூடாது. சரி, நியாயம்தான். ஆனால் அவரோடு நிற்கவில்லை தீர்மானம். அவருடைய சிற்றன்னை பிள்ளைகள், பெரியன்னை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், மருமகன், சகோதரியின் கணவர் என்று கல்யாணப் பத்திரிகை அனுப்பும் ஜாபிதாபோல நீள்கிறது! இத்தனை பேரும் வரக்கூடாதாம். ஒருவர் கணக்கில் தவறினால் உறவினர் கூட்டமே தலைகுனிய வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மாரை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்பது கல்வெட்டில் இல்லை. நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

தப்பைத் திருத்தியதும் கல்லில்

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஏன் 919-இல் ஒரு தீர்மானம், 921-இல் இன்னொன்று? முதலில் செய்த ஏற்பாட்டில் குறைகள் தெரிந்தன. இரண்டே வருஷத்தில் சபை மறுபடி கூடி, வயது வரம்பு முதலானவற்றை மாற்றியது. முதல் தீர்மானத்தில் 30 முதல் 60 வயது என்றிருந்தது, அடுத்ததில் 35 முதல் 70 ஆயிற்று.

புதியது வந்துவிட்டதே என்று பழையதைச் செதுக்கி அழித்துவிடவில்லை. இரண்டும் அருகருகே இருக்கின்றன. நாங்கள் முதலில் இப்படி நினைத்தோம், பிறகு இப்படித் திருத்திக்கொண்டோம் என்று ஓர் ஊர் தன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. ஊர் வரலாறு என்பது இதைவிட வேறு என்ன?

சபை வெறுமனே தேர்தல் நடத்திக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. ஏரியைக் கவனிக்க ஒரு வாரியம், தோட்டங்களைக் கவனிக்க ஒரு வாரியம், பொன்னின் தரம் பார்க்க ஒரு வாரியம் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரியைத் தூர் வாருவதற்கென்று தர்மம் எழுதி வைத்தவர்களின் பொன்னைச் சபை பெற்றுக்கொண்டு, அந்தப் பொறுப்பை ஏற்றது. அதே கையோடு, இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்கு நிலம், பாம்புக் கடிக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு நிலம் என்றும் ஏற்பாடுகள் செய்தது. தண்ணீரும் படிப்பும் மருந்தும் அந்தக் கணக்கில் அடுத்தடுத்து இருந்தன.

கூத்தருக்கு ஒரு காணி

கலை எங்கே என்று கேட்கிறீர்களா? அதற்குக் கொள்ளிடக்கரைப் பக்கம் போகவேண்டும். அரியலூர் மாவட்டத்தில் காமரசவல்லி என்று ஓர் ஊர். பெயரே பாட்டுப் பாடுவதுபோல இல்லை? அங்குள்ள சிவன் கோயிலில் முதலாம் இராஜேந்திர சோழனின் 29-ஆவது ஆட்சி வருஷத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1040-41 என்று கொள்ளலாம். ஊர்ச் சபையார் கூடி, சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்ற கூத்தருக்கு நிலம் கொடுக்கிறார்கள். அவர் செய்யவேண்டியது என்ன? மார்கழித் திருவாதிரையில் மூன்று கூத்து, வைகாசித் திருவாதிரையில் மூன்று கூத்து. அவ்வளவுதான்.

அந்த நிலத்துக்குப் பெயர் சாக்கைக்காணி. இதுபோல ஆடுபவருக்கு விட்ட நிலத்துக்கு நிருத்தபோகம் என்று ஒரு பெயர். ஊரில் மகாபாரதம் வாசித்துக் கதை சொல்பவருக்கு விட்ட நிலம் பாரதப் பங்கு. இப்படி ஒவ்வொரு கலைக்கும் ஒரு துண்டு வயலும் அதற்கென்று ஒரு பெயரும் இருந்தன.

ஏன் நிலம்? பணமாகவே கொடுத்திருக்கலாமே! இங்கேதான் அந்தச் சபையாரின் குடும்பஸ்தப் புத்தியைப் பாராட்டத் தோன்றுகிறது. பணமாகக் கொடுப்பதானால் வருஷா வருஷம் புதிதாக மனசு வரவேண்டும். ஒரு வருஷம் மழை பொய்த்தால், அல்லது தாராள மனசுள்ள பெரியவர் ஒருவர் காலமானால், அந்த வருஷத்தோடு கூத்தும் நின்றுபோகும். நிலமென்றால் அது விளைந்துகொண்டே இருக்கும். கூத்தர் வேறு ஊர் தேடி அலைய வேண்டியதில்லை. மகனுக்கு அடவு சொல்லிக் கொடுக்க அவருக்கு நேரம் இருக்கும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று கல்லில் எழுதிவிட்டால், அடுத்து வரும் சபையாரும் கைவைக்க யோசிப்பார்கள்.

நம் பாட்டிமார்கள் கோயில் உண்டியலுக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்களே, அதைப் போலத்தான் இதுவும். எந்தக் கஷ்டம் வந்தாலும் அந்த முடிச்சை மட்டும் அவிழ்க்க மாட்டார்கள்.

முடிச்சு அவிழ்ந்தபோது

சந்திர சூரியர் இருக்கிறார்கள். சாக்கைக் கூத்து எங்கே?

தமிழ்நாட்டில் இல்லை. அரசுகள் மாறின, நிலங்கள் கைமாறின, பழைய சபைகள் மங்கின. கூத்தருக்குப் பின்னால் நின்ற ஊர் விலகியதும் கூத்தும் போய்விட்டது. ஆனால் மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனால், சாக்கியார் கூத்தும் கூடியாட்டமும் கோயில்களையும் சில குடும்பங்களையும் பற்றிக்கொண்டு இருபதாம் நூற்றாண்டு வரை பிழைத்து வந்ததைப் பார்க்கலாம். அங்கும் நெருக்கடி வராமல் இல்லை. கோயில் வருமானம் சுருங்கத் தொடங்கிய காலத்தில், 1965-இல் கேரள கலாமண்டலம் கூடியாட்டத்தைத் தன் பாடத்தில் சேர்த்துக்கொண்டது. 2001-இல் யுனெஸ்கோ அதை உலகம் போற்றவேண்டிய கலைகளில் ஒன்றாக அறிவித்தது. ஒரு பக்கம் கலை செத்துப்போயிற்று, இன்னொரு பக்கம் உலகப் புகழ் பெற்றது. ஒரு கை விட்டால் இன்னொரு கை பிடித்துக்கொண்டதா இல்லையா என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

நம்மிடம் எல்லாமே போய்விட்டதாக நினைத்து வருந்த வேண்டாம். காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் சமயம் போய்ப் பாருங்கள். ஊர்க்காரர்கள் தலைக்கட்டு வரி போட்டுப் பணம் திரட்டுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேஷம் கட்டியவர் உயரமான மரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் காலையில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்துப் படுகளம், திரௌபதி கூந்தல் முடிதல். மாலையில் தீமிதி.

செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை கிராமத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணப்பத் தம்பிரான் என்ற மகா கலைஞரும் அவருடைய குடும்பத்தாரும் தலைமுறை தலைமுறையாகக் கூத்துக் கட்டிய ஊர். பட்டணத்து நாடகக்காரர்கள் அங்கே போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள். இத்தனைக்கும் ஆதாரம் என்ன? சுற்று வட்டாரத்து ஊர்கள் தலைக்கட்டு வரி கொடுத்துக் கூத்து வைத்ததுதான். பெயர் மாறினாலும், காமரசவல்லியின் சாக்கைக்காணியும் இந்தத் தலைக்கட்டு வரியும் ஒரே மனசிலிருந்து பிறந்தவை.

ஒரு மகாராணி செய்த காரியம்

சபை, சபை என்று இவ்வளவு புகழ்ந்தாயே, அதில் பெண்கள் இருந்தார்களா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உத்திரமேரூர்க் குடத்தில் பெண்களின் பெயர் ஓலை விழவில்லை. பெண்கள் மட்டுமல்ல, சொந்த நிலமும் மனையும் வேதப் படிப்பும் இல்லாத ஆண்களின் பெயரும் விழவில்லை. அது பிராமணர்களின் ஊர்ச் சபை. மற்றவர்களுக்கு ஊர், நாடு என்று வேறு அவைகள் இருந்தன. எனவே, அது பொற்காலம் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நல்லதை எடுத்துக்கொண்டு, குறையைக் குறையென்றே சொல்வோம்.

ஆனால் கல்வெட்டுகளில் பெண்கள் இல்லாமலில்லை. நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுத்த பெண்கள், பொன் கொடுத்த பெண்கள் என்று பெயர் பெயராக வருகிறார்கள். அவர்களுக்குள் ஒரு பெயரை மட்டும் நீங்கள் மறக்கவே கூடாது. செம்பியன் மாதேவி.

கண்டராதித்த சோழனின் மனைவி. கணவரை இழந்து நெடுங்காலம் வாழ்ந்தவர். உத்தம சோழனின் தாயார். ஊர் ஊராகப் பழைய கோயில்களைக் கற்றளிகளாகக் கட்டுவித்தார். திருக்கோடிகாவலில் அப்படிக் கட்டியபோது ஒரு சிக்கல் வந்தது. பழைய கோயிலில் முன்னோர்கள் வெட்டி வைத்த கல்வெட்டுகள் இருந்தன. கோயிலைப் புதுப்பித்தால் அந்தக் கற்கள் கலைந்துபோகும். மகாராணிக்கு என்ன கவலை? புதுக் கோயில், புதுப் புகழ் என்று இருந்திருக்கலாம். அவரோ பழைய கல்வெட்டுகளைப் படி எடுக்கச் செய்து, புதுச் சுவரில் மறுபடி வெட்டுவித்தார். அத்துடன், இது பழங்கற்படி என்று குறிப்பும் சேர்த்தார். அதாவது, இது நான் எழுதியதல்ல, பழைய கல்லிலிருந்து எடுத்த நகல் என்கிற நேர்மை! யாரோ ஏழைக் குடியானவர் விளக்குக்குக் கொடுத்த தர்மமாக இருந்தாலும், அவர் பெயர் அழியக்கூடாது என்ற எண்ணம்.

நம் காலத்தில் என்ன நடக்கிறது? கும்பாபிஷேகம் என்றால் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பும் பெயிண்டும் அப்பிய கோயில்கள் எத்தனை! அழுக்குப் போகவேண்டுமென்று மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்தையே தேய்த்துவிட்ட இடங்களும் உண்டு. உடைந்த கற்களைப் புரட்டிப் போட்டுத் தளம் பாவிவிடுகிறார்கள். நாம் அந்த எழுத்தின் மேல் நடந்து போய்த்தான் சாமி கும்பிடுகிறோம்.

கல்லைக் காப்பாற்றுவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. உத்திரமேரூர்த் தீர்மானங்கள் 1898-இல்தான் கல்வெட்டுத் துறையாரால் படி எடுக்கப்பட்டு உலகத்துக்குத் தெரியவந்தன. படி எடுக்கிற விதம் சுலபமானது. சுவரைத் தண்ணீர் விட்டுத் துலக்குவார்கள். ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டுவார்கள். காகிதம் எழுத்துப் பள்ளங்களில் அமுங்கும். பிறகு மையை ஒற்றினால் பள்ளம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் தெரியும். துணிக்கு அச்சு ஒற்றுவதுபோலத்தான்! தெரிந்தவர்களை அழைத்து இதைச் செய்ய ஊர் முன்வர வேண்டும், அவ்வளவே.

இனி உங்கள் பக்கம்

இப்போது குடத்தில் ஓலை போடும் காலம் இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, கிராமத்தில் வாக்குரிமை உள்ள அனைவரும் கிராம சபை உறுப்பினர்கள். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், ஆணாகப் பிறந்திருக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2016-இல் செய்த சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கிராம சபைக் கூட்டங்களின் எண்ணிக்கையும் 2022-இல் வருஷத்துக்கு 6 என்று உயர்த்தப்பட்டது. உத்திரமேரூர்ச் சபையார் கனவிலும் காணாத சபை இது.

ஆனால், இந்தச் சபையில் குழாயும் சாலையும் பேசி முடிந்ததும் எழுந்துவிடுகிறோம். ஊரின் கல்வெட்டைப் பற்றியும் கூத்துக்காரரைப் பற்றியும் ஒருவர் எழுந்து பேசினால் என்ன?

நான் பட்டணத்தில் இருக்கிறேனே, எனக்கென்ன அங்கே வேலை என்கிறீர்களா? உங்கள் அம்மா இருக்கிறார், மாமியார் இருக்கிறார், பெரியம்மா இருக்கிறார். அவர்களுக்குக் கிராம சபையில் பேச உரிமை இருக்கிறது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க நீங்கள் போகும்போது, கோயில் சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அதில் எழுத்து இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டைப் படி எடுக்கவேண்டும் என்று சபையில் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். பொழுது சாய்ந்ததும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாடும் தாலாட்டையும் கும்மியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்தக் கல்லிலும் வெட்டப்படாத ஊர் வரலாறு அது. படி எடுக்கத் தவறினால், அந்தக் கல் ஒருநாள் நம் கண் முன்னாலேயே மறைந்துவிடும்.

அப்புறம், அந்த வரவு செலவு நோட்டு. பக்கத்தின் அடியில் தயங்கித் தயங்கி எழுதிய பாட்டு வகுப்பை இந்த மாதம் பாலுக்கும் அரிசிக்கும் நடுவே எழுதிப் பாருங்கள். அங்கே இருந்தால் சட்டென்று கோடு போடக் கை வராது. காமரசவல்லிச் சபையார் 1,000 வருஷங்களுக்கு முன் செய்ததும் அதுதான்.